பலூஸ் கோதுமை மேடுகளில் புகைச் சூரியோதயம்: போகலாமா, ரத்து செய்யலாமா?

வடமேற்கு_வாசி (சியாட்டில்)
வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் பலூஸ் பகுதிக்கு இந்த வார இறுதியில் கிளம்புவதாக இருக்கிறேன். ஐந்து மணி நேர ஓட்டம், கோல்ஃபாக்ஸில் அறை போட்டாயிற்று. ஸ்டெப்டோ பியூட் என்ற குன்றின் உச்சியிலிருந்து சூரியோதயம், அறுத்து முடிந்த கோதுமை வயல்களில் தெரியும் வரிகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கம்பைன் (அறுவடை இயந்திரம்) ஒன்று. இவ்வளவுதான் ஆசை.

ஆனால் வடக்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் காடு எரிகிறது, கேஸ்கேட் மலைகளிலும் எரிகிறது. தீ வெகு தூரத்தில்தான் இருக்கிறது, புகை மட்டும் இந்தப் பக்கம் வருகிறது. கூட வருவதாக இருந்த நண்பர் "வானமே தெரியாது, பெட்ரோல் தண்டம்" என்று கழன்றுகொண்டார். போனால் உருப்படியாகப் படம் கிடைக்குமா? கையில் 24-70, 100-400 மில்லிமீட்டர் இரண்டு லென்ஸும் இருக்கின்றன. முழுச்சட்ட மிரர்லெஸ் கேமரா.

லென்ஸ் லோகு (சான் ஹோசே)
போங்க சார். தெளிந்த வானத்தில் ஸ்டெப்டோ படம் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. புகையில் எடுத்தது அவ்வளவு இல்லை.

பழைய ஃபிலிம் (கோயம்புத்தூர்)
நான் மாற்றுக் கட்சி. பலூஸ் போன்ற நிலத்தின் அழகே பக்கவாட்டு வெளிச்சத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். அந்த நிழல் விழுந்தால்தான் மேடு மேடாகத் தெரியும். புகை வந்தால் நிழல் போய்விடும், நிழல் போனால் உருவம் போய்விடும். சிவப்பு சூரியனை மட்டும் எடுப்பதற்கு ஐந்து மணி நேரம் எதற்கு? வீட்டு மாடியிலிருந்தே எடுக்கலாமே.

காற்றளவை (பாய்சி, ஐடஹோ)
பழைய ஃபிலிம் ஐயா சொல்வது பாதி நாட்களுக்குப் பொருந்தும். மற்ற பாதி நாட்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வளிமண்டலம் படித்தவன், அதனால் இந்த விஷயத்தில் வாய் அதிகம்.

முதலில் பார்க்க வேண்டியது புகையின் உயரம். பெரிய தீயின் புகை சூட்டில் பல கிலோமீட்டர் மேலேறி, அங்குள்ள காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அது உங்கள் தலைக்கு மேலே உயரத்தில் படலமாக நிற்க, தரையில் காற்று சுத்தமாக இருக்கலாம். அப்படி அமைந்தால் யோகம்தான். வயல், களஞ்சியம், ஒற்றை மரம் எல்லாம் துல்லியமாகத் தெரியும், சூரியன் மட்டும் கண் கூசாத சிவப்புத் தட்டாக வரும். அதே புகை தரையில் இறங்கிக் கிடந்தால் அடுத்த மேடுகூடச் சாம்பலாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் இதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடலாம். நோவா என்ற அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பு நடத்தும் எச்ஆர்ஆர்ஆர் ஸ்மோக் என்ற புகை முன்னறிவிப்பு இரண்டு வரைபடங்கள் தருகிறது. ஒன்று தரைமட்டப் புகை. இன்னொன்று தரையிலிருந்து மேல்வரை அடுக்கிக் கூட்டிய மொத்தப் புகை. மூன்று கிலோமீட்டர் கட்டங்களாக, இரண்டு நாள் வரை சொல்லும். மொத்தம் அதிகம், தரையில் குறைவு என்றால் பையைத் தூக்குங்கள். இரண்டும் அதிகம் என்றால் அறையை ரத்து செய்யுங்கள். கிளம்பும் இரவில் ஏர்நவ் என்ற அரசுக் காற்றுத்தரத் தளத்தின் தீ-புகை வரைபடத்தையும் ஒரு முறை பாருங்கள். தரையில் இருக்கும் கருவிகள் அந்த நேரத்தில் அளப்பதை அது காட்டும், வீடுகளில் மாட்டியிருக்கும் பர்ப்பிள்ஏர் கருவிகளின் அளவும் அதில் சேர்ந்திருக்கும்.

அடுத்தது நேரம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். புகைநாளில் சூரியன் பஞ்சாங்க நேரத்துக்கு வராது. அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப் போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். புகையும் அதே கணக்கில் பல மடங்கு குறுக்கே நிற்கும். உதித்துவிட்டது என்று செயலி சொல்லும், கிழக்கே ஒன்றுமே இருக்காது. நான்கைந்து டிகிரி மேலேறிய பிறகு, வெறும் வானத்தின் நடுவில் திடீரென்று ஒரு சிவப்பு வட்டம் முளைக்கும். பலூஸ் இருப்பது ஏறக்குறைய 47 டிகிரி வட அட்சரேகையில். ஆகஸ்ட் கடைசியில் அங்கே சூரியன் மணிக்குச் சுமார் 10 டிகிரி ஏறும். அப்படியானால் அரை மணி நேரத் தாமதம். அதற்கும் பிறகுதான் தரையில் நிழல் விழும் அளவுக்கு வெளிச்சம் வரும். பழைய ஃபிலிம் ஐயா கேட்கும் பக்கவாட்டு வெளிச்சம், செம்பு நிறத்தில், சூரியோதயம் ஆகி ஒரு மணி நேரம் கழித்துக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அதற்குள் முக்காலியை மடித்துக் காபி தேடிப் போனவர்களுக்குக் கிடைக்காது.

இன்னொன்று, விடிகாலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தங்கியிருக்கும், மேலே உள்ள புகையோடு கலக்காது. வெயில் ஏறித் தரை சூடானதும் மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலந்து புகை கீழே இறங்கும். காலை ஏழு மணிக்குத் தெளிவாக இருந்த ஊர் பதினொரு மணிக்கு மங்கிப்போவது இதனால்தான். எனவே மதியத்துக்கு என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

புதுக் கேமரா (சென்னை)
அண்ணா, ஒரு சந்தேகம். போகி அன்று காலையில் எங்கள் ஊரில் வரும் புகை மாதிரிதானே இது? அதில் நான் எடுத்த படமெல்லாம் வெள்ளைச் சுவர் மாதிரிதான் வந்தது. சூரியன் சிவக்கவே இல்லை.

காற்றளவை
நல்ல கேள்வி தம்பி. போகிப் புகை எரித்த இடத்திலேயே, தரையிலேயே கிடக்கும். தை பிறக்கும் நேரத்து ஈரக்காற்றும் பனிமூட்டமும் அதோடு சேரும். மூட்டத்தின் நீர்த்துளிகள் பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். அதனால் வெள்ளை.

காட்டுத்தீயின் புகை தூரம் கடந்து வரும்போது பெரிய சாம்பல் துகள்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும். மிஞ்சுபவை பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள்கள். அவை நீலத்தை அதிகம் சிதறடிக்கும், சிவப்பை அதிகம் விட்டுவிடும். எரிந்த மரத்திலிருந்து வரும் பழுப்புநிறக் கரிமப் பொருள்கள் நீலத்தைக் கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும். அதனால் சிவப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950 செப்டம்பரில் ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா எல்லையில் எரிந்த சின்சாகா தீயின் புகை அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா போனது. செப்டம்பர் 26 அன்று ஸ்காட்லாந்தில் சூரியன் நீலமாகத் தெரிந்தது, எடின்பரோவில் அதை ஆராய்ந்து அளந்தார்கள். துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரு மைக்ரான் வாக்கில் அமைந்துவிட்டால் சிவப்புதான் அதிகம் சிதறும், நீலம் தப்பி வரும். அபூர்வம். உங்களுக்கு அமைந்தால் எங்களுக்கும் காட்டுங்கள்.

ஓ.பி. சீட்டு (டிட்ராய்ட்)
படத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஆள் இருக்கிறீர்கள், நான் மூச்சைப் பற்றிப் பேசுகிறேன். ஏக்யூஐ, அதாவது காற்றுத்தரக் குறியீடு, 100க்கு மேல் போனால் ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் வெளியே அதிக நேரம் இருக்க வேண்டாம். 150ஐத் தாண்டினால் அது எல்லோருக்குமே கெடுதல். 300க்கு மேல் அபாயக் கட்டம். பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகள், நுரையீரலின் அடிவரை போகும். துணி முகக்கவசமும் அறுவை சிகிச்சைக் கவசமும் இதற்குப் போதாது. என்95, அதுவும் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். காரில் ஏசியை உள்சுற்றில் போட்டு, இடையிடையே உள்ளே போய் உட்காருங்கள். மேட்டில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் நிற்கிறவரைவிடப் பல மடங்கு காற்றை இழுப்பார்.

வடமேற்கு_வாசி
நன்றி டாக்டர். என்95 பெட்டி ஒன்று 2020இலிருந்து அலமாரியில் கிடக்கிறது.

காற்றளவை சொன்னபடி பார்த்தேன். சனிக்கிழமை விடியலுக்கு மொத்தப் புகை நல்ல அடர்த்தி, தரைப்புகை லேசாக. ஏக்யூஐ 60 வாக்கில் காட்டுகிறது. போகலாம் என்று தோன்றுகிறது. லென்ஸ் எது?

பழைய ஃபிலிம்
ஏக்யூஐ 60 என்றால் என் ஆட்சேபணையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். லென்ஸ் என்றால் நீளமானதுதான். அகல லென்ஸில் சூரியன் கடுகளவு ஆகிவிடும், வானம் முழுக்கப் பழுப்புத்தாளாக நிற்கும். திரையில் சூரியனின் விட்டம் என்பது குவியத்தூரத்தை ஏறக்குறைய 109ஆல் வகுத்தால் வருவது. 24 மில்லிமீட்டர் லென்ஸில் கால் மில்லிமீட்டர்கூட வராது. 400இல் 3.7 மில்லிமீட்டர். சட்டத்தின் உயரமே 24 மில்லிமீட்டர்தான் என்பதால் 400இல் அது படத்தில் ஒரு கதாபாத்திரமாக நிற்கும்.

காற்றளவை
அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைவு கூடக்கூட கான்ட்ராஸ்ட் (பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் வேறுபாடு) எப்படிக் குறையும் என்பதற்கு 1924இல் கோஷ்மீடர் என்ற ஜெர்மானியர் கொடுத்த கணக்கு இன்றும் செல்லும். அன்றைக்குக் கண்ணுக்கு எட்டும் தூரம் பத்து கிலோமீட்டர் என்று வையுங்கள். இரண்டரை கிலோமீட்டரில் இருக்கும் மேட்டுக்கு அதன் கான்ட்ராஸ்டில் சுமார் 38 விழுக்காடு மிஞ்சும். ஐந்து கிலோமீட்டரில் 14. பத்தில் வெறும் 2, அதாவது கண் பிரித்தறியும் எல்லை.

ஸ்டெப்டோ உச்சி 3,612 அடி, சுற்றியிருக்கும் வயல்களிலிருந்து ஆயிரம் அடி எழும்பி நிற்கும் குவார்ட்சைட் பாறை. சாதாரண நாளில் அங்கிருந்து வெகுதூரம் தெரியும், அதற்காகத்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். புகைநாளில் தூரத்தை மறந்துவிட்டு, எட்டும் தூரத்தில் கால் பங்குக்குள் இருப்பதை உங்கள் படத்தின் முன்புறமாகப் பிடியுங்கள். அதற்குப் பின்னால் வரும் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போகும். அந்த வரிசைதான் படம். தெளிந்த நாளில் ஐந்தாவது மேடும் பதினைந்தாவது மேடும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், புகை அவற்றைப் பிரித்துக்கொடுக்கும்.

லென்ஸ் லோகு
உச்சிக்குத்தான் போக வேண்டுமா? கீழே கவுண்டிச் சாலைகளிலிருந்து எடுத்தால் களஞ்சியமும் தானியக் கிடங்கும் வானத்தில் நிழலுருவாக நிற்கும், சூரியனை அதன் தோளில் உட்கார வைக்கலாம். உச்சிக்குப் போவதானால் பூங்கா திறக்கும் நேரத்தை மாநிலப் பூங்காத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், டிஸ்கவர் பாஸ் என்ற பூங்கா அனுமதிச் சீட்டும் வேண்டும்.

மார்க்கம் மாலா (ஒன்ராறியோ)
நிறத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. 2023 ஜூனில் கியூபெக் காடுகள் எரிந்து அந்தப் புகை ரொறன்ரோவுக்கு வந்தபோது, விடியற்காலையில் வடக்கே ஹாலண்ட் மார்ஷ் தோட்டங்களுக்குப் போனேன். கரட்டும் வெங்காயமும் விளைகிற கறுப்பு மண், வாய்க்கால்கள், அதன் மேல் செம்மஞ்சள் வெளிச்சம். போனில் எடுத்தால் ஏதோ மழைநாள் மாதிரிச் சாம்பலாக வருகிறது. கேமராவிலும் ஓட்டோ வைட் பலன்ஸ் (நிறத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பு) அதையேதான் செய்தது. இவ்வளவு மஞ்சள் இருக்கக் கூடாது என்று தானே முடிவெடுத்து நீலத்தைச் சேர்த்துவிடுகிறது. 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ வானம் முழுக்கச் செம்மஞ்சளானபோதும் எல்லோரும் இதே முறைப்பாடுதான் சொன்னார்கள்.

வைட் பலன்ஸை டேலைட்டில் (பகல் வெளிச்ச அமைப்பு) பூட்டிவிடுங்கள், 5200 அல்லது 5500 கெல்வின். பிறகு தொடாதீர்கள்.

லென்ஸ் லோகு
ராவில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் வைட் பேலன்ஸ் எதுவாக இருந்தால் என்ன அக்கா? வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மார்க்கம் மாலா
சாம்பல் அட்டையா? அந்த அட்டையைச் சாம்பலாக்கினால் நீங்கள் எடுக்கப் போன நிறம் அத்தனையும் போய்விடுமே தம்பி. ரா என்றாலும் வீட்டுக்கு வந்து திரையைப் பார்க்கும்போது அங்கே கண்டது என்ன நிறம் என்று நினைவிருக்காது. கண்ணும் பத்து நிமிடத்தில் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். டேலைட்டில் பூட்டினால் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும், அவ்வளவுதான் விஷயம்.

பழைய ஃபிலிம்
மாலா அம்மா சொல்வதற்கு என் ஓட்டு. எங்கள் காலத்தில் டேலைட் ஃபிலிம் என்று ஒரே ஒரு 5500 கெல்வின்தான். உலகம் எந்த நிறத்தில் இருந்ததோ அந்த நிறத்தில் விழுந்தது.

காற்றளவை
லோகு சொல்வதும் தப்பில்லை, ஒரு இடத்தைத் தவிர. கேமரா தன் ஹிஸ்டோகிராமை (படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) ரா கோப்பைப் பார்த்து வரைவதில்லை. நீங்கள் வைத்திருக்கும் வைட் பேலன்ஸைப் போட்டு உள்ளே தயாராகும் ஜேபெக்கைப் பார்த்து வரைகிறது. அதைப் பார்த்துத்தானே எக்ஸ்போஷர் வைக்கிறோம்? வைட் பேலன்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் தாவினால் ஹிஸ்டோகிராமும் தாவும்.

புகைச் சூரியனில் முதலில் நிரம்பி வழிவது சிவப்புத் தடம் (சிவப்பு நிறத்துக்கான சானல்). வெள்ளை ஹிஸ்டோகிராம் ஒன்றை மட்டும் பார்த்தால் இடமிருப்பதாகத் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். சிவப்பு முட்டி நின்ற பிறகும் வெளிச்சத்தைக் கூட்டினால் பச்சை மட்டும் ஏறிக்கொண்டே வரும், சிவப்பு வட்டம் மஞ்சள் வட்டமாகிவிடும். "நேரில் ரத்தச் சிவப்பு, படத்தில் ஆரஞ்சு" என்று பலர் புலம்புவதன் காரணம் இதுதான். சிவப்பு முட்டாத அளவுக்கு ஒன்றோ இரண்டோ ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுங்கள்.

மறுபுறம் நீலத் தடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. பின்னால் நிழலைத் தூக்கினால் நீலத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். முன்புற வயல் முக்கியம் என்றால் அதற்குத் தனியாக ஒரு எக்ஸ்போஷர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரும்பாலும் தேவைப்படாது. சூரியனின் கண்கூச்சமே போய்விடுவதால் வானமும் தரையும் ஒரே படத்தில் அடங்கும். வானத்தை மட்டும் மங்கலாக்கும் பட்டை ஃபில்டர்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போலரைசரும் இதில் பெரிதாக உதவாது.

புதுக் கேமரா
சூரியன் கூசாது என்றால் நேராகப் பார்த்துக்கொண்டே எடுக்கலாமா?

ஓ.பி. சீட்டு
கூடாது. கூசவில்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் கிடையாது. நுண்புகை கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் அளவுக்கு அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. 400 லென்ஸ் வழியாக டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வியூஃபைண்டரில் பார்த்தால் வலியே தெரியாமல் விழித்திரை கெட்டுப்போகும். பின்திரையிலோ மின்னணு வியூஃபைண்டரிலோ பார்த்து எடுங்கள்.

காற்றளவை
டாக்டர் சொன்ன அதே காரணத்தால்தான் அகச்சிவப்புக்கு மாற்றிய கேமரா வைத்திருப்பவர்கள் புகையை ஊடுருவிக் கறுப்பு வெள்ளையில் தூரத்து மேடுகளை எடுக்கிறார்கள். பனிமூட்டத்தில் அந்த வித்தை பலிக்காது.

ஸ்போகேன் சங்கர் (ஸ்போகேன், வாஷிங்டன்)
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கசப்பாகப் பேசினால் மன்னிக்கவும். நீங்கள் போகும் அதே விட்மன் கவுண்டியில் மால்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 2020 செப்டம்பர் 7, லேபர் டே அன்று காற்றோடு வந்த தீயில் ஊரின் கட்டடங்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஒரே மதியத்தில் போய்விட்டது. தீயணைப்பு நிலையம், அஞ்சலகம், நூலகம் எல்லாம் எரிந்தன. 2023 ஆகஸ்டில் ஸ்போகேனைச் சுற்றி இரண்டு தீ, நூற்றுக்கணக்கான வீடுகள். அந்த வாரம் என் மகளைப் பள்ளி மைதானத்துக்குக்கூட அனுப்ப முடியவில்லை. அப்போது சிலர் "என்ன ஒரு தெய்வீக உதயம்" என்று படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யோகம், அதிர்ஷ்டம் என்று இங்கே படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

லென்ஸ் லோகு
அவர் தீ வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகவில்லையே சங்கர். எடுக்காமல் விட்டால் தீ அணைந்துவிடுமா?

ஸ்போகேன் சங்கர்
எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. படத்தின் கீழே அது புகை என்று எழுதுங்கள் என்கிறேன். பனிமூட்டம் என்று தலைப்பு வைத்துச் சுற்றுலாப் படமாக்காதீர்கள்.

சரி, அதைவிட அவசரமான விஷயம். அறுத்த கோதுமைத் தாளின் மேலும் சாலையோரக் காய்ந்த புல்லின் மேலும் காரை ஏற்றி நிறுத்தாதீர்கள். புகைபோக்கிக் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓடி நின்ற வண்டியில் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அடியில் காய்ந்த தாள் உரசினால் போதும். சரளை போட்ட இடத்தில் நிறுத்துங்கள். அறுவடைக் காலத்தில் தானிய லாரிகள் விடிவதற்கு முன்பே ஓடும், சாலையை மறித்து முக்காலி வைக்காதீர்கள். வயல் எல்லாமே தனியார் நிலம். பதினைந்தடி உள்ளே போனால் நல்ல கோணம் கிடைக்கும் என்பது உண்மைதான், அதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெரும்பாலான விவசாயிகள் சரி என்பார்கள்.

பழைய ஃபிலிம்
சங்கர் சொன்னது இந்த இழையின் முதல் பதிவில் இருந்திருக்க வேண்டும். குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கியது எங்களுக்கு மறக்கவில்லை. இங்கேயும் மாசி, பங்குனியில் மலைப்பக்கம் போகிறவர்களுக்குச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

வடமேற்கு_வாசி
போய் வந்தேன். படங்கள் இணைப்பில்.

முதல் படம், ஸ்டெப்டோவின் கீழ்ச்சாலையிலிருந்து. செயலி ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உதயம் என்றது, கிழக்கே பழுப்புத்தான். அரை மணி நேரம் போல் கழித்து, காற்றளவை சொன்ன மாதிரியே, அடிவானத்துக்கு நன்றாக மேலே வட்டம் முளைத்தது. 400 மில்லிமீட்டர், எஃப் 8. அடிவானத்தில் வழக்கமாகத் தெரியும் நசுங்கிய முட்டை வடிவம் இல்லை, கச்சிதமான வட்டம்.

இரண்டாவது, ஒரு மணி நேரம் காத்திருந்து எடுத்தது. தாள் வரிகளில் செம்பு வெளிச்சம், மென்மையான நிழல். எனக்குப் பிடித்தது இதுதான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வட்டம் தெரிந்ததுமே கிளம்பிப் போய்விட்டார்கள்.

மூன்றாவது, கம்பைன். முந்தைய மாலையே அந்த விவசாயியிடம் கேட்டுவிட்டேன். காலைப் பனி உலர்ந்த பிறகுதான் ஓட்டுவோம், ஒன்பதரைக்கு வா என்றார். அதற்குள் புகை கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. வண்டி கிளப்பும் தூசியில் வெளிச்சம் பிடிக்கிறது, பின்னணி மேடுகள் இல்லவே இல்லை. படம் தேறுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். லைட்ரூம் மென்பொருளில் மூட்டத்தை நீக்கும் டீஹேஸை 40 வரை தள்ளிப் பார்த்தேன், அசிங்கமாக இருக்கிறது.

தலைப்பில் "காட்டுத்தீப் புகையில்" என்று போட்டிருக்கிறேன் சங்கர்.

பழைய ஃபிலிம்
இரண்டாவது படத்தின் முன் என் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். அந்த நிழல் தெளிந்த வானத்தில் இவ்வளவு இளகி விழாது. வலப்பக்கம் இருக்கும் மின்கம்பத்தை வெட்டுங்கள்.

மார்க்கம் மாலா
மின்கம்பம் இருக்கட்டும் ஐயா. ஆட்கள் வாழ்கிற ஊர் என்று அதுதான் சொல்கிறது.

டீஹேஸை முழுப் படத்துக்கும் போடாதீர்கள். புகையை எடுக்கப் போய்விட்டுப் புகையைக் கழுவினால் மிஞ்சுவது என்ன? மேட்டின் விளிம்பில் வெள்ளைக் கோடு வரும், வானத்தில் பட்டை பட்டையாகப் படி விழும், நீலத்தின் இரைச்சல் எல்லாம் எழும்பி வரும். கம்பைனுக்கு மட்டும் மென்பொருளில் ஒரு மாஸ்க் (அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுப்பது) போட்டு அதற்குள் பத்துப் பதினைந்து கொடுங்கள். பின்னணிக்கு நேர்மாறாக மைனஸ் ஐந்து வைத்துப் பாருங்கள், வண்டி தானாக முன்னுக்கு வரும்.

லென்ஸ் லோகு
மூன்றாவதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சிவப்புத் தடம்தான் சுத்தமாக இருக்கும், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றளவை
அச்சுப் போடுவதாக இருந்தால் முதல் படத்தின் சிவப்பு எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வரம்புக்கு வெளியே இருக்கலாம். சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) பார்த்துவிட்டு அனுப்புங்கள். மேட் தாளில் அந்தச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும், பளபளப்புத் தாள் கொஞ்சம் தாங்கும். லென்ஸில் சாம்பல் படிந்திருந்தால் துணியால் துடைக்க வேண்டாம், முதலில் ஊதுகுழல்.

புதுக் கேமரா
அண்ணா, முதல் படத்தில் சூரியனுக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதே. சென்சாரில் தூசியா?

வடமேற்கு_வாசி
நானும் அதைத்தான் நினைத்து அழிக்க இருந்தேன்.

காற்றளவை
அழிக்காதீர்கள், பொறுங்கள். 400இல் பெரிய சூரியப்புள்ளிக் கூட்டம் தெரியும், புகையே ஃபில்டர் மாதிரி வேலை செய்திருக்கும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஒப்பிடுங்கள், சட்டத்தில் சூரியன் வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும். புள்ளி சூரியனோடு கூடவே நகர்ந்தால் சூரியப்புள்ளி. சட்டத்தின் அதே இடத்தில் நின்றால் தூசி. அந்தத் தேதியின், சூரியனைக் கண்காணிக்கும் எஸ்டிஓ செயற்கைக்கோள் படத்தை நாசா தளத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம். உதயத்தில் சூரியனின் வடதுருவம் நேராக மேலே இருக்காது, இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதற்கேற்ப அவர்கள் படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

வடமேற்கு_வாசி
பார்த்தேன். நடுப்புள்ளி சூரியனோடு நகர்கிறது, நாசா படத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. மேலே வானத்தில் இருக்கும் மற்ற மூன்றும் நகரவில்லை. அவை தூசிதான், துடைத்தாயிற்று.